வாராத உறுப்பினரும் உடன்பாட்டின் வலிமையும்: நெய்வேலித் தொழிற்சங்கச் சூழலில் திரு.வி.க.வின் தொழிலாளர் வாழ்க்கை

ஆய்வுச் சுருக்கம்

ஊதிய உடன்பாடு குறித்த முடிவில் உறுப்பினர்கள் குறைவாகப் பங்கேற்பது தொழிற்சங்கங்களின் பழைய சிக்கல். வாராத உறுப்பினரை அக்கறையற்றவர் எனக் கருதுவது வழக்கமாக உள்ளது. சென்னைத் தொழிலாளர் சங்கத்தின் தொடக்கக் காலத் தலைவர்களுள் ஒருவரான திரு.வி. கலியாணசுந்தரனாரின் வாழ்க்கையை மூன்று நிகழ்வுகளின் வழியே ஆராயும் இக்கட்டுரை, பங்கேற்காமை என்பது பெரும்பாலும் சங்கத்தின் அமைப்பைப் பற்றிய ஒரு செய்தி என்ற கருத்தை நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: திரு.வி.க., தொழிற்சங்கம், ஊதிய உடன்பாடு, வாக்கெடுப்பு, பெரம்பூர், நெய்வேலி.

முன்னுரை

கடலூர் மாவட்டம் நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி நிறுவனம் 1956ஆம் ஆண்டு நிறுவப்பட்டது. 1957 மே 20ஆம் நாள் சுரங்கப் பணியைப் பிரதமர் நேரு தொடங்கிவைத்தார். சுரங்கங்கள், அனல்மின் நிலையங்கள், வட்டங்களாகப் பகுக்கப்பட்ட நகரியக் குடியிருப்பு ஆகியவற்றோடு வளர்ந்த இவ்வூரில் தொழிற்சங்கம் என்பது அன்றாட வாழ்வின் ஒரு பகுதி. நிறுவனத்தோடு பேச்சுவார்த்தை நடத்தும் தகுதியுடைய சங்கத்தை நிரந்தரத் தொழிலாளர் இரகசிய வாக்கெடுப்பின் வழித் தெரிவு செய்கின்றனர். வாக்குப்பதிவு நாளில் நகரியம் பொதுத்தேர்தல் நடைபெறும் ஊர் போலவே காட்சியளிக்கும்.

ஆயினும் சங்கத்தைத் தெரிவு செய்வது வேறு; அச்சங்கம் கையெழுத்திடும் உடன்பாட்டை ஏற்பது வேறு. 1926ஆம் ஆண்டின் தொழிற்சங்கச் சட்டமோ 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுச் சட்டமோ, ஊதிய உடன்பாட்டின் வரைவை உறுப்பினர் வாக்கெடுப்புக்கு விடவேண்டும் எனக் கட்டாயப்படுத்தவில்லை. 1947ஆம் ஆண்டுச் சட்டம் நடைமுறையில் இருந்த காலத்தில், அதன் 12(3) பிரிவின்படி, சமரச அதிகாரியின் முன்னிலையில் கையெழுத்தான உடன்பாடு, 18(3) பிரிவின் வழி, கையெழுத்திட்ட சங்கத்தில் சேராதவர் உள்ளிட்ட தொழிலாளர் அனைவரையும் கட்டுப்படுத்தியது. எனவே பல ஆண்டுகளுக்கு ஊதியத்தையும் படிகளையும் வரையறுக்கும் ஒரு முடிவில் உறுப்பினரின் குரல் ஒலிக்கும் இடம், சங்கத்தின் பொதுக்குழுவும் வாயிற் கூட்டமும் மட்டுமே. அவ்விடங்களில் இருக்கைகள் காலியாக இருப்பின், உடன்பாடு சட்டப்படி செல்லும். ஆனால் அதன் பின்னால் நிற்போர் எத்தனை பேர் என்பது தெரியாது.

இச்சிக்கல் நமக்கு மட்டும் உரியதன்று. பிரிட்டனில் 2016ஆம் ஆண்டு இயற்றப்பட்ட தொழிற்சங்கச் சட்டம், உறுப்பினருள் குறைந்தது 50 விழுக்காட்டினர் வாக்களித்தாலன்றி வேலைநிறுத்த வாக்கெடுப்பு செல்லாது என வரையறுத்தது. வாராதவர்களின் எண்ணிக்கையே அங்குச் சங்கத்திற்கு எதிரான சட்டக் கருவியாயிற்று. ஆகவே வாராதவர் ஏன் வரவில்லை என்ற வினா, சங்கங்களின் எதிர்காலத்தோடு தொடர்புடையது. இவ்வினாவுக்கு விடை தேட, நெய்வேலி நிறுவனம் தோன்றுவதற்கு மூன்றாண்டுகள் முன்னரே மறைந்த திரு.வி.க.வின் வாழ்க்கை உதவும் என்பது இக்கட்டுரையின் கருதுகோள்.

ஆசிரியரும் இதழாளரும்

திரு.வி.க. 1883 ஆகஸ்ட் 26ஆம் நாள் சென்னைக்கு அருகிலுள்ள துள்ளம் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தையார் விருத்தாசலனார், தாயார் சின்னம்மையார். இராயப்பேட்டை வெஸ்லி பள்ளியில் பயின்றபோது யாழ்ப்பாணம் நா. கதிரைவேற்பிள்ளையின் மாணவராகித் தமிழும் சைவமும் கற்றார். பள்ளியிறுதித் தேர்வை எழுதும் வாய்ப்பு அவருக்குக் கிட்டவில்லை. சிலகாலம் ஸ்பென்சர் நிறுவனத்தில் கணக்கராகவும், பின்னர் வெஸ்லியன் கல்விநிலையங்களில் தமிழாசிரியராகவும் பணியாற்றினார். 1917ஆம் ஆண்டு ஆசிரியப் பணியைத் துறந்து தேசபக்தன் நாளிதழின் ஆசிரியரானார். 1920ஆம் ஆண்டு நவசக்தி இதழைத் தொடங்கினார்.

அரசியல் மேடையில் ஆங்கிலமே ஆட்சி செய்த காலம் அது. மேடைக்கும் செய்தித்தாளுக்கும் ஏற்ற தமிழ்நடையை உருவாக்கியவர் எனத் தமிழ் இலக்கிய வரலாறு திரு.வி.க.வைப் போற்றுகிறது. அந்நடை உருவான இடங்களுள் ஒன்று பெரம்பூர்த் தொழிலாளர் கூட்டம் என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. அவரது மொழிப்பணியையும் தொழிலாளர் பணியையும் தனித்தனி இயல்களாகப் பிரிக்கும் வழக்கத்தால் இவ்விடைவெளி நேர்ந்துள்ளது.

1918: கூட்டத்திற்கு வரும் பழக்கம்

பெரம்பூரில் பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகளின் தொழிலாளர் குடியிருந்த பகுதியில் கடை வைத்திருந்த செல்வபதி செட்டியார், இராமானுஜலு நாயுடு ஆகியோர் ஸ்ரீ வெங்கடேச குணாமிர்த வர்ஷிணி சபை என்ற சமயச் சபையை நடத்திவந்தனர். ஆலைத் தொழிலாளர் அங்குச் சொற்பொழிவு கேட்க வந்தனர். வந்தவர்கள் தம் குறைகளையும் சொல்லலாயினர். அச்சபையோடு திரு.வி.க.வுக்கு ஏற்பட்ட தொடர்பே அவரைத் தொழிலாளர் இயக்கத்திற்கு அழைத்து வந்தது. 1918 ஏப்ரல் 27ஆம் நாள் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. பி.பி. வாடியா தலைவராகவும் திரு.வி.க. துணைத்தலைவர்களுள் ஒருவராகவும் பொறுப்பேற்றனர். இந்தியாவில் முறையாக அமைக்கப்பட்ட முதல் தொழிற்சங்கமாக இது மதிக்கப்படுகிறது.

இங்கு இரண்டு செய்திகள் கருதத்தக்கன. ஒன்று, சங்கம் தோன்றுமுன்பே கூட்டத்திற்கு வரும் பழக்கம் தோன்றிவிட்டது. தொழிலாளர் ஏற்கெனவே கூடிய இடத்திற்குச் சங்கம் சென்றது. மற்றொன்று, மொழி. பார்சி இனத்தவரான வாடியா ஆங்கிலத்தில் பேசினார்; அவர் பேச்சு தமிழாக்கப்பட வேண்டியிருந்தது. திரு.வி.க.வோ உறுப்பினரின் மொழியிலேயே கோரிக்கையையும் சட்டத்தையும் விளக்கினார். எதைப் பற்றி முடிவெடுக்கிறோம் என்பது புரிந்தவரே முடிவெடுக்க வருவர். அவ்வாண்டிலேயே அவர் தம் மனைவி கமலாம்பிகையை இழந்தார். மக்கள் இருவரும் இளமையிலேயே இறந்துவிட்டனர். மறுமணம் செய்துகொள்ளாமல் எஞ்சிய வாழ்நாளைப் பொதுப்பணிக்கும் எழுத்துக்கும் ஒப்படைத்தார்.

1920-1921: மேலிருந்து வந்த உடன்பாடு

1920ஆம் ஆண்டின் இறுதியில் பக்கிங்காம் ஆலையில் கதவடைப்பு நேர்ந்தது. ஆலையை நடத்திய பின்னி நிறுவனம் வாடியா உள்ளிட்டோர் மீது சென்னை உயர்நீதிமன்றத்தில் இழப்பீடு கோரி வழக்குத் தொடுத்துத் தடையாணை பெற்றது. தொழிற்சங்கத்திற்குச் சட்டப் பாதுகாப்பு இல்லாத காலம் அது. முடிவில் வாடியா தொழிலாளர் இயக்கத்திலிருந்து விலகுவது என்ற அடிப்படையில் 1921இன் தொடக்கத்தில் சமரசம் ஏற்பட்டது. இவ்வழக்கு எழுப்பிய விவாதமே 1926ஆம் ஆண்டுச் சட்டத்திற்கு வழிகோலியவற்றுள் ஒன்று.

அச்சமரசம் தலைவர்களுக்கும் நிறுவனத்திற்கும் இடையே முடிந்தது. பட்டினி கிடந்த உறுப்பினருக்கு அதில் கிடைத்தது மீண்டும் ஆலைக்குச் செல்லும் வாய்ப்பே. வாடியா விலகிய பின் சங்கத்தின் சுமை பெரிதும் திரு.வி.க.வின் தோளில் விழுந்தது. களைத்த உறுப்பினர்களையும் கரைந்த கையிருப்பையும் கொண்டே அவர் அடுத்த போராட்டத்தை எதிர்கொண்டார்.

1921 மே மாதம் கர்நாடிக் ஆலையில் தகராறு மூண்டது. ஜூன் மாதம் பக்கிங்காம் ஆலைத் தொழிலாளர் அவர்களுக்கு ஆதரவாக வேலைநிறுத்தத்தில் இறங்கினர். ஆதிதிராவிடத் தொழிலாளருள் பெரும்பாலோர் இதில் சேரவில்லை. அவர்கள் வேலையில் நீடிக்க வேண்டும் என்பது எம்.சி. ராஜாவின் நிலைப்பாடாக இருந்தது. வேலைநிறுத்தம் செய்தோர்க்கும் செய்யாதோர்க்கும் இடையிலான பிளவு சாதிப்பிளவாக மாறியது. புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன, உயிர்கள் பலியாயின. ஆகஸ்ட் 29ஆம் நாள் காவல்துறை நடத்திய துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் பலர் மாண்டனர். ஆளுநர் வெலிங்டன் திரு.வி.க.வை அழைத்து நாடுகடத்த நேரிடும் என எச்சரித்தார். அக்டோபர் மாதம் கோரிக்கை எதுவும் நிறைவேறாமலே வேலைநிறுத்தம் முடிவுக்கு வந்தது. சங்கம் மீண்டெழப் பல்லாண்டுகள் ஆயின.

இத்தோல்விக்கு அரசின் அடக்குமுறையையும் நிர்வாகத்தின் பிரித்தாளும் முறையையும் காரணமாகக் கூறுவது மரபு. அவை உண்மைக் காரணங்களே. ஆயினும் சேராதவர்களின் நிலையிலிருந்தும் இந்நிகழ்வைக் காண வேண்டும். சில மாதங்களுக்கு முன் முடிந்த கதவடைப்பின் பட்டினி அவர்களை மிகக் கடுமையாகத் தாக்கியிருந்தது. கடன் பெறவும் உறவினர் ஊருக்குச் சென்று தங்கவும் மற்றவர்க்கு இருந்த வழிகள் அவர்களுக்கு இல்லை. ஆலைக்குள் ஒரே தறிக்கூடத்தில் உழைத்தாலும் ஆலைக்கு வெளியே சேரியும் ஊரும் வேறாகவே இருந்தன. இந்நிலையில் பெரும்பான்மையின் தீர்மானம் அவர்களுக்குத் தம் தீர்மானமாகத் தோன்றவில்லை. சாதி வேற்றுமையைத் திரு.வி.க. மனமார வெறுத்தவர் என்பதில் ஐயமில்லை. ஆனால் தலைவரின் நல்லெண்ணம் சங்கத்தின் அமைப்பாக மாறவில்லை. வேலைநிறுத்த அறிவிப்புக்கு முன்பே நிகழ்ந்திருக்க வேண்டிய உரையாடல் நிகழாதபோது, சேராமையே அவர்கள் அளித்த வாக்காயிற்று.

1925: வாக்குக்கு விடப்படாத தீர்மானம்

தொழிற்சங்கத்திற்கு வெளியே நிகழ்ந்த ஒன்றும் இங்கு ஒப்புநோக்கத்தக்கது. 1925 நவம்பரில் காஞ்சிபுரத்தில் நடைபெற்ற தமிழ்நாடு காங்கிரஸ் மாநாட்டுக்குத் திரு.வி.க. தலைமை தாங்கினார். வகுப்புவாரிப் பிரதிநிதித்துவம் கோரிப் பெரியார் ஈ.வெ.ரா. கொண்டுவந்த தீர்மானத்தைத் தலைவர் என்ற முறையில் அவர் அனுமதிக்க மறுத்தார். பெரியார் மாநாட்டிலிருந்து வெளியேறினார், காங்கிரசிலிருந்தும் விலகினார். இருவருக்கும் இடையிலான நட்பு பின்னரும் தொடர்ந்தது. ஆனால் தமிழக அரசியல் வேறு திசையில் சென்றது.

தீர்மானம் வாக்குக்கு விடப்பட்டுத் தோற்றிருந்தால் என்ன நிகழ்ந்திருக்கும் என ஊகிப்பது ஆய்வுக்கு உகந்ததன்று. ஆனால் ஒன்றை உறுதியாகக் கூறலாம். தம் கோரிக்கை எண்ணப்படவே மாட்டாது எனக் கண்டவர் அவையில் நீடிக்க வேண்டிய தேவையில்லை. பெரம்பூரில் சேராமையாக வெளிப்பட்டது காஞ்சிபுரத்தில் வெளிநடப்பாக வெளிப்பட்டது. திரு.வி.க. போன்ற சமரச நெஞ்சினர் தலைமை தாங்கிய இரண்டு அவைகளிலும் இது நிகழ்ந்தது. ஆகையால் குறையைத் தனிமனிதர் பண்பில் தேடுவதைவிட அவையின் நடைமுறையில் தேடுவதே பொருந்தும்.

இறுதிக்காலம்

பிற்காலத்திலும் திரு.வி.க. தொழிலாளரை விட்டு நீங்கவில்லை. 1947ஆம் ஆண்டு அதே ஆலைகளில் நிகழ்ந்த நீண்ட வேலைநிறுத்தத்தின்போது, ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார் தலைமையிலான காங்கிரஸ் அரசு அறுபது வயதைக் கடந்த அவரை வீட்டுக்காவலில் வைத்தது.  பார்வை மங்கிய நிலையில் பிறரை எழுதச் செய்து நூல்களை இயற்றினார். 1953 செப்டம்பர் 17ஆம் நாள் மறைந்தார். 1944இல் வெளிவந்த அவரது வாழ்க்கைக் குறிப்புக்கள் என்ற நூல், தமிழ்த் தன்வரலாற்று இலக்கியத்தோடு தொழிற்சங்க வரலாற்றுக்கும் முதன்மைச் சான்றாக விளங்குகிறது.

நெய்வேலிச் சூழலில்

பெரம்பூரில் உறுப்பினரைப் பிரித்தது சாதி. நெய்வேலியில் பணிநிலை பிரிக்கிறது. நிரந்தரத் தொழிலாளரும் ஒப்பந்தத் தொழிலாளரும் ஒரே சுரங்கத்தில் உழைக்கின்றனர். ஊதியமும் உரிமையும் வேறு. பணி நிரந்தரமும் சம ஊதியமும் கோரி ஒப்பந்தத் தொழிலாளர் 2012ஆம் ஆண்டிலும் 2014ஆம் ஆண்டிலும் நீண்ட வேலைநிறுத்தங்களை நடத்தினர். நிறுவனப் பங்கு விற்பனைக்கு எதிராக 2013 ஜூலையில் நிரந்தரத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். இறுதியில் தமிழ்நாட்டு அரசு நிறுவனங்களே அப்பங்குகளை வாங்கின. இரு பிரிவினரும் போராட்டத்தில் தயக்கம் காட்டாதவர்கள் என்பதற்கு இவை சான்று. எனவே கூட்டத்தில் ஆள் குறையும்போது அதனை அக்கறையின்மை எனத் தள்ளிவிட இயலாது.

வாராமைக்கான காரணங்களைத் திரு.வி.க.வின் வாழ்க்கை மூன்றாக வகுத்துக் காண உதவுகிறது. முதலாவது, முடிவு ஏற்கெனவே மேலே எடுக்கப்பட்டுவிட்டது என்ற எண்ணம். வாடியா சமரசம் இதற்குச் சான்று. இரண்டாவது, முடிவின் சுமை தம் மீதே மிகுதியாக விழும் என்ற அச்சம். இது 1921ஆம் ஆண்டின் ஆதிதிராவிடத் தொழிலாளர் நிலை. மூன்றாவது, தம் கோரிக்கை பட்டியலில் இடம்பெறவே இல்லை என்ற உணர்வு; காஞ்சிபுரம் இதனைக் காட்டுகிறது. முறைப்பணியில் இருப்பவர் மாலைக் கூட்டத்திற்கு வர இயலாமை போன்ற நடைமுறைக் காரணங்களும் உண்டு. அவற்றைக் கூட்ட நேரத்தை மாற்றி நீக்கிவிடலாம். முற்கூறிய மூன்றையும் நீக்கச் சங்கம் தன்னையே மாற்றிக்கொள்ள வேண்டும்.

முடிவுரை

ஒரு தொழிற்சங்கத்தின் உடன்பாடு கையெழுத்தால் சட்டவலிமை பெறுகிறது. அதனைக் காக்க நிற்கும் உறுப்பினரால் நடைமுறை வலிமை பெறுகிறது. 1918ஆம் ஆண்டு உறுப்பினர் கூடிய இடத்திற்குச் சென்று அவர் மொழியில் பேசிய சங்கம் வளர்ந்தது. 1921ஆம் ஆண்டு ஒரு பகுதியினரைத் தன் முடிவுக்குள் கொண்டுவர இயலாத அதே சங்கம் உடைந்தது. இரண்டு காலத்திலும் திரு.வி.க. உடனிருந்தார், அவரது உழைப்பும் நேர்மையும் இரண்டிலும் ஒன்றே.

எனவே, உடன்பாட்டு வரைவைத் தமிழில் முன்கூட்டியே வழங்குதல், ஒவ்வொரு பணிமுறைக்கும் தனிக் கூட்டம் நடத்துதல், கையெழுத்துக்கு முன் உறுப்பினரிடம் வாக்குப் பெறுதல், வாக்களித்தோர் எண்ணிக்கையோடு வாராதோர் எண்ணிக்கையையும் வெளியிடுதல், வாக்குரிமை இல்லாத ஒப்பந்தத் தொழிலாளரின் கருத்தையும் கேட்டறிதல் ஆகியவை சங்கங்கள் சட்டத்தின் கட்டாயமின்றியே மேற்கொள்ளக்கூடிய நடைமுறைகள். பல்வேறு தொழிற்சங்கங்களின் பொதுக்குழுப் பதிவேடுகளைத் திரட்டி, வருகையின் ஏற்ற இறக்கத்தை உடன்பாடுகளின் உள்ளடக்கத்தோடு ஒப்பிட்டு ஆராய்வது இத்துறையில் அடுத்து மேற்கொள்ளத்தக்க பணியாகும்.