வேர் தேடிய வித்தகர்
மகாமகோபாத்தியாய டாக்டர் உ. வே. சாமிநாதையர்

லோத்குண்டாவிலும் அதனை அடுத்த ஆல்வால், திருமலகிரிப் பகுதிகளிலும் தமிழர் இருவர் புதிதாகச் சந்தித்தால் முதலில் எழும் வினா, சொந்த ஊர் எது என்பதே. நம்மவர் இங்கு வந்த வழிகள் பல. 1806ஆம் ஆண்டில் நிஜாம் சிக்கந்தர் ஜாவின் பெயரால் செகந்திராபாத் என்று வழங்கலான இப்பாளைய நகருக்குச் சென்னைப் பட்டாளத்தோடு வந்தோர் உண்டு. 1874இல் வாடியிலிருந்து இருப்புப்பாதை வந்து சேர்ந்த பிறகு ரயில்வே வேலையை நாடி வந்தோரும், 1966இல் தென் மத்திய ரயில்வே அமைந்தபோது மாற்றலாகி வந்தோரும் உண்டு. வந்தவர்கள் ஊர்ப்பெயரைச் சொன்னார்கள். அவர்தம் மக்கள் ஜில்லாப் பெயரைச் சொன்னார்கள். பேரப்பிள்ளைகளோ தமிழ்நாடு என்று மட்டும் சொல்லி அமைகின்றனர்.

எளியேனும் அவ்வாறு சொல்லி வந்தவனே. என் தந்தையார் காலமான பதினாறாம் நாள், கருமாதிக்கு வந்திருந்த தெலுங்குப் புரோகிதர் தந்தை, பாட்டனார், முப்பாட்டனார் ஆகிய மூவர் பெயரையும் கேட்டார். இரண்டு பெயர்களைச் சொன்னேன். மூன்றாவது பெயர் எனக்குத் தெரியவில்லை. அவர் பழக்கப்பட்டவர் போலும். தெய்வத்தின் பெயரைச் சேர்த்து மந்திரத்தை முடித்துவிட்டார். ஆயினும் அந்தச் சிறு மௌனம் என் நெஞ்சை விட்டு அகலவில்லை. அந்நாட்களில் ஆறுதலுக்காக எடுத்துப் படித்த நூல் ஐயரவர்களின் ‘என் சரித்திரம்’ ஆகும். ஏட்டுச் சுவடிகளைத் தேடி அச்சிட்டவர் என்றே அப்பெரியாரை நாம் போற்றுகிறோம். தம் குடும்பத்தின் வேரையும் அவர் அதே கவலையோடு தேடி வைத்தார் என்பதை எடுத்துக்காட்டவே இக்கட்டுரையை எழுத முற்பட்டேன்.

தஞ்சை ஜில்லாவில் பாபநாசத்துக்கு அருகே உள்ளது உத்தமதானபுரம் என்னும் சிற்றூர். ஐயரவர்களின் முன்னோர் வாழ்ந்த ஊர் அதுவே. தஞ்சை அரசர் ஒருவர் அவ்வழியே வந்தபோது, ஏகாதசி விரத நாள் என்பதை மறந்து தாம்பூலம் தரித்துவிட்டாராம். அப்பிழைக்குக் கழுவாயாக, நாற்பத்தெட்டு வீடுகளும் இரண்டு வீட்டுக்கு ஒன்றாக இருபத்து நான்கு கிணறுகளும் கொண்ட அக்ரகாரத்தை அமைத்துத் தானம் செய்தாராம். இது ஊரார் வழிவழியாகச் சொல்லி வந்த செய்தி. ஐயரவர்கள் தம் வரலாற்றைத் தம் பிறப்பிலிருந்து தொடங்காமல் இச்செய்தியிலிருந்தே தொடங்கினார். ஊரை முதலில் நிறுத்தி, பிறகு முன்னோரையும் பாட்டனாரையும் உறவினரையும் தந்தையாரையும் நிறுத்தி, அத்தனை பேருக்கும் பின்னரே தாம் பிறந்ததைச் சொன்னார். தாம் தனியே முளைத்த மரம் அல்லர் என்பதை அந்த வைப்புமுறையே உணர்த்துகிறது.

அவர் பிறந்தது 1855ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் 19ஆம் நாள். தாய்வழிப் பாட்டனாரின் ஊராகிய சூரியமூலையில். தந்தையார் வேங்கடசுப்பையர், தாயார் சரஸ்வதி அம்மாள். தந்தையார் சங்கீத வித்துவான். உடையார்பாளையம் சமஸ்தானத்தில் புகழோடு விளங்கிய கனம் கிருஷ்ணையர் அக்குடும்பத்துக்கு நெருங்கிய உறவினர். அவரிடமே வேங்கடசுப்பையர் குருகுலவாசம் செய்து இசை பயின்றார். இராமாயணப் பிரசங்கமும் பாட்டுமே அவருக்கு வாழ்வூதியம். அது நிலையான வருவாய் அன்று. ஆகவே குடும்பம் அரியலூர், குன்னம் முதலிய ஊர்களுக்கு மாறி மாறிக் குடியேறிற்று. ஆதரிப்போர் இருந்த ஊரே அவர்களுக்குச் சொந்த ஊர் ஆயிற்று. பிழைப்புக்காக ஊர் விட்டு ஊர் வந்த நமக்கு அவ்வாழ்க்கை அயலானதன்று.

மகனும் சங்கீதத்தில் சிறக்க வேண்டும் என்பது தந்தையாரின் ஆசை. மகனின் உள்ளமோ தமிழின்பால் சென்றது. அதை உணர்ந்த தந்தையார், தமிழ் சொல்லிக் கொடுப்பவர் எங்கிருந்தாலும் அங்கே மகனை அழைத்துச் சென்றார். இறுதியில் 1871ஆம் ஆண்டையொட்டி மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களிடம் ஒப்புவித்தார். வேங்கடராமன் என்ற இயற்பெயரும் சாமா என்ற வீட்டுப் பெயரும் கொண்ட இளைஞர், ஆசிரியரின் விருப்பப்படி சாமிநாதன் ஆனார். 1876இல் பிள்ளையவர்கள் இறைவனடி சேரும்வரை உடனிருந்து பயின்றார். பின்னர்த் திருவாவடுதுறை ஆதீனத்தின் ஆதரவில் கல்வியைத் தொடர்ந்தார்.

1880ஆம் ஆண்டில் தியாகராச செட்டியாரவர்களின் உதவியால் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியர் வேலை கிடைத்தது. மாதச் சம்பளம் ஐம்பது ரூபாய். அவ்வாண்டு அக்டோபர் 21ஆம் நாள் சேலம் இராமசுவாமி முதலியாரைச் சந்தித்தார். தாம் கற்ற நூல்களை ஐயரவர்கள் வரிசையாகச் சொல்ல, முதலியார் அவற்றுக்கு முற்பட்ட பழைய நூல்களைப் படித்ததுண்டா என்று வினவினார். புகழ்பெற்ற ஆசிரியரிடம் பல்லாண்டு பயின்றும், தம் மொழியின் முன்னோரைத் தாம் அறியவில்லை என்பதை ஐயரவர்கள் அன்று உணர்ந்தார். அந்த நாணம் அவரைச் சும்மா இருக்க விடவில்லை. முதலியார் தந்த சீவக சிந்தாமணிப் பிரதியோடு உழைக்கத் தொடங்கினார்.

சிந்தாமணி சமண காவியம். அதன் சமயச் செய்திகளைத் தாம் பயின்ற நூல்களில் காணாதபோது ஐயரவர்கள் கும்பகோணத்தில் வாழ்ந்த சமண அன்பர்களின் வீடு தேடிச் சென்றார். அவர்கள் தலைமுறை தலைமுறையாக அந்நூலைப் போற்றிப் படித்து வந்தவர்கள். வேற்றுச் சமயத்தவர் என்று எண்ணாமல் அவர்களிடம் மாணவராய் அமர்ந்து கேட்டறிந்தார். ஏட்டில் இல்லாதது வாழும் மனிதரின் நினைவில் இருக்கும் என்னும் பாடத்தை அங்கே கற்றார். 1887இல் சிந்தாமணி அச்சேறிற்று. தொடர்ந்து 1889இல் பத்துப்பாட்டும், 1892இல் சிலப்பதிகாரமும், 1894இல் புறநானூறும், 1898இல் மணிமேகலையும் வெளிவந்தன.

அப்பயணங்களில் அவர் கண்ட காட்சிகள் யாவும் இன்பமானவை அல்ல. கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் வரகுணராம பாண்டியர் சேர்த்து வைத்த ஏட்டுச் சுவடிகள் இருப்பதாகக் கேள்வியுற்று ஆவலோடு சென்றார். பழைய ஏடுகளை நெய்யில் தோய்த்து ஹோமத்தில் இடவேண்டும் என்று எண்ணி, அவ்வாறே எரித்துவிட்டதாக அங்கிருந்தோர் தெரிவித்தனர். வேறு ஊர்களில் ஆற்று வெள்ளத்தில் விட்டோரும், பரணில் செல்லரிக்க விட்டோரும் இருந்தனர். அவர்களில் எவரும் பகைவர் அல்லர். தம் கையில் இருப்பது இன்னதென்று அறியாதவர்கள், அவ்வளவே. நம் வீடுகளில் பழைய பெட்டிகளைத் துப்புரவு செய்யும்போது நாம் செய்வதும் பெரும்பாலும் அதுதான்.

1903இல் ஐயரவர்கள் சென்னை மாநிலக் கல்லூரிக்கு மாற்றப்பெற்றார். 1906இல் மகாமகோபாத்தியாயர் பட்டமும், 1932இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் டாக்டர் பட்டமும் அவரை வந்தடைந்தன. புகழ் வந்த முதுமையில் அவர் ஓய்வை நாடவில்லை. தம்மை ஆக்கியவர்களின் வரலாற்றை எழுத முனைந்தார். ஆசிரியர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களின் சரித்திரத்தை 1933, 1934ஆம் ஆண்டுகளில் இரு பாகங்களாக வெளியிட்டார். பழகியோரைக் கேட்டும், கடிதங்களைத் திரட்டியும், தாம் நேரில் கண்டவற்றை நினைவுகூர்ந்தும் எழுதிய நூல் அது. பிறகு கனம் கிருஷ்ணையர், கோபாலகிருஷ்ண பாரதியார் முதலியோரின் வரலாறுகளையும் எழுதினார்.

1940ஆம் ஆண்டு ஜனவரியில், எண்பத்தைந்து வயது நிரம்பும் தறுவாயில், ஆனந்த விகடனில் வாரந்தோறும் ‘என் சரித்திரம்’ வெளிவரத் தொடங்கிற்று. அதில் என் உள்ளத்தைத் தொட்டது ஒன்றுண்டு. குடும்பத்தின் பெருமைகளை மட்டும் அவர் பொறுக்கி எடுக்கவில்லை. தந்தையார் பட்ட கடன், ஆதரவு தேடி அலைந்த அலைச்சல், பொருளின்றித் தவித்த நாட்கள், மகனின் படிப்பைப் பற்றி உறவினர் கூறிய ஏளனம் ஆகியவற்றை எல்லாம் ஒளிக்காமல் எழுதினார். அரசாங்கமும் பல்கலைக்கழகமும் பாராட்டிய பெரியவருக்கு வறுமையை மறைப்பது எளிது. அவர் மறைக்கவில்லை. அதனாலேயே, தம்மைப் படிக்க வைத்த தந்தையாரின் தியாகம் எத்துணைப் பெரிது என்பது நமக்கு விளங்குகிறது. கடனை மறைத்திருந்தால் அன்பும் மறைந்திருக்கும்.

இரண்டாம் உலகப் போரின் அச்சத்தால் 1942இல் அவர் சென்னையை விட்டுத் திருக்கழுக்குன்றத்துக்குச் சென்றார். அங்கே ஏப்ரல் 28ஆம் நாள் காலமானார். சரித்திரம் 122 அத்தியாயங்களோடு முற்றுப்பெறாமல் நின்றது. அவர் குமாரர் கலியாணசுந்தர ஐயர் 1950இல் அதனை நூலாக வெளியிட்டார். 1943இல் ருக்மிணி தேவி அருண்டேல் அம்மையார் முயற்சியால் அமைந்த டாக்டர் உ. வே. சா. நூல்நிலையம் சுவடிகளைக் காத்து வருகிறது. நன்றியால் தியாகராச விலாசம் என்று பெயரிட்டு அவர் வாழ்ந்த திருவட்டீசுவரன்பேட்டை இல்லம் 2012இல் இடிக்கப்பட்டது. உத்தமதானபுரத்தில் அவர் பெயரால் நினைவில்லம் நிற்கிறது. வீடு நிற்கலாம், வீழலாம். எழுதி வைத்தது நிலைக்கிறது.

இனி என் சிறு முயற்சியையும் சொல்லி முடிக்கிறேன். என் பாட்டனார் லாலாகூடா பணிமனையில் பிட்டராக இருந்தவர். லால்குடிப் பக்கத்திலிருந்து வந்து லாலாகூடாவில் சேர்ந்தேன் என்று வேடிக்கையாகச் சொல்வாராம். ஆனால் லால்குடிப் பக்கம் எந்த ஊர் என்பது எங்கள் தலைமுறைக்கு வந்து சேரவில்லை. ஐயரவர்களின் நூலை முடித்த பிறகு தந்தையாரின் இரும்புப் பெட்டியைத் திறந்தேன். பாட்டனாரின் பழைய உத்தியோகக் காகிதம் ஒன்று மடிப்பில் கிழிந்து கிடந்தது. அதில் கிராமத்தின் பெயரும், தகப்பனார் பெயர் என்ற கட்டத்தில் என் முப்பாட்டனாரின் பெயரும் இருந்தன. பதினைந்து ஆண்டுகளாக அத்தகைய கட்டங்களை அலுவலகத்தில் நிரப்பி வருபவன் நான். அக்கட்டத்தின் பயனை அன்றுதான் அறிந்தேன்.

காகிதம் பெயரைத் தந்தது, கதையைத் தரவில்லை. எண்பது வயதைக் கடந்த என் அத்தையாரிடம் சென்றேன். எங்கள் வீட்டில் நாங்கள் மிராசுதார் பரம்பரை என்று சொல்லிக்கொள்வது வழக்கம். அத்தையாரோ, நிலம் ஒன்றரை ஏக்கரே இருந்தது என்றும், அதுவும் மூத்த பெண்ணின் கலியாணக் கடனில் போயிற்று என்றும், அதன் பின்னரே பதினேழு வயதுப் பாட்டனார் ரயில் ஏறினார் என்றும் சொன்னார். அதை எழுதுவதா, விடுவதா என்று பல நாள் தயங்கினேன். வீட்டிலும் வேண்டாம் என்றார்கள். ஐயரவர்கள் தம் தந்தையாரின் கடனை எழுதியது நினைவுக்கு வந்தது, எழுதிவிட்டேன். மிராசுதாரின் பேரன் என்று சொன்ன நாட்களில் என் பாட்டனாரை நான் இவ்வளவு மதித்ததில்லை.

அடுத்த விடுமுறையில் மீதியைக் கேட்கலாம் என்று எண்ணியிருந்தேன். சென்ற தை மாதம் அத்தையார் காலமானார். முப்பாட்டியின் பெயரை நான் கேட்கவில்லை. அந்தக் கட்டம் என் குறிப்பேட்டில் வெறுமையாகவே இருக்கிறது.

ஆகவே நம் சங்க அன்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். வீட்டில் முதியோர் இருப்பின் இன்றே அருகில் அமர்ந்து கேளுங்கள். தாயாதிகள் யார், குலதெய்வம் எது, எந்த ஆண்டு எந்த வழியில் இங்கு வந்தோம், ஏன் வந்தோம் என்பவற்றைக் குறித்து வையுங்கள். பாட்டிமார், அத்தைமார் பெயர்களை விட்டுவிடாதீர்கள். காகிதங்களில் அவர்கள் அரிதாகவே காணப்படுவர். பழைய பத்திரம், பள்ளிச் சான்றிதழ், உத்தியோகக் காகிதம், கலியாணப் பத்திரிகை ஆகியவற்றை எடைக்குப் போடுமுன் ஒருமுறை படியுங்கள். சிறுமை என்று தோன்றுவதையும் சேர்த்தே எழுதுங்கள். நம் பிள்ளைகள் தெலுங்கு நாட்டில் பிறந்து, நாளை எந்நாட்டில் வாழ்வாரோ அறியோம். தாம் எங்கிருந்து வந்தோம் என்று அவர்கள் ஒருநாள் கேட்கும்போது விடை வீட்டிலேயே இருக்கட்டும்.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!