பனித்தரையில் வென்ற பெண்மணி

கோடைக்காலத்தில் ஆறுமுகநேரி உப்பளங்களின் வரப்பில் நின்று நோக்கினால், கண்ணுக்கெட்டிய தொலைவு வரையில் பாத்தி பாத்தியாக வெண்மை பரந்து கிடக்கும். குளிர்நாட்டார் ஒருவர் முன்னறிவின்றி அவ்விடத்தில் வந்து நின்றால், நீர்நிலைகள் எல்லாம் பனியாய் உறைந்து கிடக்கின்றனவோ என்று மயங்குவார். வெயிலில் விளையும் உப்புக்கும் குளிரில் விளையும் பனிக்கட்டிக்கும் உண்மையிலேயே ஓர் உறவு உண்டு. தூய நீர் 0 டிகிரி செல்சியசில் உறைந்துவிடும். உப்புக் கரைந்த நீரோ அதனினும் தாழ்ந்த குளிரிலும் உறையாமல் ஓடும். இவ்வியல்பை அறிந்த மேலைநாட்டார், பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் செயற்கைப் பனித்தரைகளை அமைக்கத் தலைப்பட்டனர். தரைக்கடியில் குழாய்களைப் பரப்பி, பொறிகளால் குளிரூட்டிய உப்புநீரை அவற்றினுள் செலுத்தினால், மேலே தேங்கிய நீர் உறைந்து கண்ணாடி போன்ற தளமாகும். குளமும் ஏரியும் உறையாத காலத்திலும் நகரத்து மக்கள் சறுக்கி விளையாட இதனால் வழி பிறந்தது. அத்தகைய பனித்தரையில் உலகப் புகழ் பெற்றவர் மேட்ஜ் சயர்ஸ் அம்மையார்.

அவர் வென்ற விளையாட்டு, பனித்தரையில் கோலமிடுவது போன்றதாக இருந்தது. ஆடுவோர் காலணியின் அடியில் மெல்லிய எஃகு அலகு பொருத்தப்பட்டிருக்கும். ஒற்றைக் காலில் உடலைச் சாய்த்துச் சறுக்கும்போது, அவ்வலகு பனியின்மேல் வெண்கோடு ஒன்றைக் கீறிச் செல்லும். பன்னாட்டுப் போட்டிகளில் 1990 வரை, வட்டமும் எட்டு வடிவமும் பிறவும் அக்கோட்டினாலேயே அமைய வேண்டியிருந்தது. முதல் முறை இட்ட கோட்டின்மேல் இரண்டாம் முறையும் மூன்றாம் முறையும் பிசகாது செல்வதே திறமையாக இருந்தது. வாசலில் கோலமிடும் பெண் கையால் செய்வதை இவர்கள் காலால், அதுவும் விரைந்து செல்லும் ஓட்டத்திலேயே செய்தனர். இதன் பின்னர், இசைக்கேற்ப விருப்பம்போல் ஆடும் பகுதியும் இருந்தது. இவ்விரண்டிற்கும் நடுவர்கள் மதிப்பெண் இட்டனர்.

மேட்ஜ் 1881ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 16ஆம் நாள் இலண்டன் மாநகரில் பிறந்தார். புளோரன்ஸ் மேட்லின் கேவ் என்பது பெற்றோர் இட்ட பெயர். தந்தையார் கட்டடத் தொழில் நடத்தியவர். குடும்பமோ மிகப் பெரியது. நீந்துவதிலும் குதிரையேற்றத்திலும் தேர்ந்த அப்பெண், பனித்தரையிலும் இளமையிலேயே பெயர் பெற்றார். 1900ஆம் ஆண்டில் எட்கர் சயர்ஸ் என்பாரை மணந்தார். எட்கர் தம் மனைவியினும் பதினெட்டு ஆண்டு மூத்தவர், சறுக்காட்டத்தில் வல்லவர், பிறர்க்குக் கற்பிக்கவும் அறிந்தவர்.

அக்காலத்தில் ஆங்கிலேயர் சறுக்கும் முறையே தனி. உடலை விறைப்பாக நிமிர்த்தி, கைகளை விலாவோடு ஒட்டி, பலர் ஒருங்கே கூடிப் பனித்தரை நடுவில் வைத்த ஒரு நாரத்தைப் பழத்தைச் சுற்றிச் சுற்றி வருவர். முகத்தில் களிப்போ கைகளில் அசைவோ தோன்றுதல் முறையன்று என்பது அவர்கள் கொள்கை. ஐரோப்பாவின் பிற நாடுகளிலோ, ஜாக்சன் ஹெயின்சு என்னும் அமெரிக்க நடன ஆசிரியர் வியன்னா நகரில் பரப்பிய வேறொரு முறை வேரூன்றியிருந்தது. அம்முறையில் உடல் வளைந்து நெகிழும். கைகள் இசையோடு இயலும். எட்கர் இப்புதிய முறையை இங்கிலாந்தில் வற்புறுத்தியவர். அவர் தூண்டுதலால் மேட்ஜ் பழைய விறைப்பைக் கைவிட்டுப் புதிய முறையைப் பயின்றார்.

1902ஆம் ஆண்டில் உலகச் சறுக்காட்டப் போட்டி இலண்டனில் நடைபெற்றது. பன்னாட்டுச் சறுக்காட்டக் கழகம் 1892இல் தோன்றியது. அதன் சார்பில் உலகப் போட்டி 1896 முதல் நடந்து வந்தது. ஆடவரே அதில் கலந்துகொண்டனர். பெண்டிர் வரலாகாது என்று விதியில் ஒரு சொல்லும் இல்லை. எந்தப் பெண்ணும் வரத் துணியமாட்டாள் என்னும் நம்பிக்கையினாலேயே அவ்வாறு எழுதாமல் விட்டனர் போலும்! மேட்ஜ் விதிநூலைப் பார்த்தார். தம் பெயரைக் கொடுத்தார். மறுப்பதற்கு ஆதாரம் இல்லாமையால் கழகத்தார் ஏற்கவே நேர்ந்தது.

அப்போட்டியில் ஆடியவர் நால்வர். சுவீடன் நாட்டு உல்ரிக் சால்கோ முதலிடம் பெற்றார். அவர் தம் வாழ்நாளில் பத்து முறை உலகப் பட்டம் வென்ற பெருவீரர். இருபது வயதே நிரம்பிய மேட்ஜ் இரண்டாம் இடம் பெற்றார். எஞ்சிய இரு ஆடவரும் அவருக்குப் பின்னர் நின்றனர். தமது பொற்பதக்கத்துக்கு உரியவர் இப்பெண்ணே என்று கருதிச் சால்கோ அதனை அவர் கையில் கொடுத்துவிட்டார் என்றொரு செவிவழிச் செய்தியும் வழங்குகிறது. அது மெய்யாயினும் புனைவாயினும், மேட்ஜின் ஆட்டம் கண்டோர் நெஞ்சைக் கவர்ந்தது என்பதற்கு அதுவும் ஒரு சான்று.

கழகத்தாரோ மகிழ்ந்தாரில்லை. அடுத்த ஆண்டு, 1903இல் கூடிய பேரவையில், ஆடவர் போட்டியில் பெண்டிர் கலந்துகொள்ளலாகாது என்று முடிவு செய்தனர். அதற்குக் காரணங்களும் கூறப்பட்டன. பெண்கள் அணியும் நீண்ட பாவாடை பாதத்தை மறைத்தலால் நடுவர் காணவியலாது என்பது ஒன்று. நடுவர் தம் மனத்துக்கு இனிய பெண்ணுக்கே தீர்ப்பளித்துவிடக்கூடும் என்பது மற்றொன்று. பெண்ணை ஆணோடு ஒப்பிடுதல் அரிது என்பது பிறிதொன்று. முதற்காரணம் ஓரளவேனும் பொருந்துவதாகும். ஆயினும், பனியில் விழுந்த கோட்டை எந்தப் பாவாடையும் மறைப்பதில்லையே! இரண்டாங் காரணம் நடுவரின் குறையைப் போட்டியாளர்மேல் ஏற்றுகிறது. மூன்றாவதற்கோ, இலண்டனில் வரிசைப்படுத்தப்பட்ட நால்வர் பெயரே விடையாக நின்றது.

மேட்ஜ் வாதத்தில் இறங்கவில்லை. கணுக்கால் மறையத் தாழ்ந்திருந்த பாவாடையைக் கெண்டைக்கால் அளவாகக் குறைத்து உடுத்து ஆடினார். அக்காலத்தில் அஃது எளிய செயலன்று. பின்வந்த பெண்கள் அவ்வழக்கத்தையே பின்பற்றினர். பன்னாட்டுக் கதவு அடைபட்ட அதே 1903இல், இங்கிலாந்தில் ஆடவர் பெண்டிர் இருபாலார்க்கும் பொதுவான நாட்டுப் போட்டி முதன்முறையாக நடந்தது. சுவீடன் நாட்டார் அளித்த கோப்பைக்குரிய அப்போட்டியில் மேட்ஜே வென்றார். 1904இலும் கோப்பை அவருக்கே கிடைத்தது. அம்முறை அவரிடம் தோற்றவர் அவருக்கு வழிகாட்டிய கணவரே! கற்பித்தவர் தோற்றதில் அவ்வில்லத்தில் வருத்தம் எழுந்திராது.

திறமையை நெடுங்காலம் புறத்தே நிறுத்தி வைத்தல் அரிது. பெண்டிர்க்கெனத் தனிப் போட்டி நடத்தக் கழகத்தார் இசைந்தனர். 1906ஆம் ஆண்டு சனவரியில் சுவிட்சர்லாந்தின் தாவோஸ் நகரில் அது முதன்முறையாக நடைபெற்றது. மேட்ஜ் முதலிடம் பெற்றார். மறு ஆண்டு வியன்னாவில் நடந்த போட்டியிலும் அவரே வென்றார். ஆயினும், அப்போட்டிக்கு உலகப் போட்டி என்னும் பெயரை அன்று வழங்கவில்லை. அம்மதிப்பு பல ஆண்டுகள் கழித்தே வந்து சேர்ந்தது.

1908ஆம் ஆண்டின் ஒலிம்பிக் விழா இலண்டனில் நிகழ்ந்தது. குளிர்கால ஒலிம்பிக் என்று தனி விழா 1924இல்தான் தோன்றியது. எனினும், செயற்கைப் பனித்தரை இருந்தமையால், சறுக்காட்டம் 1908லேயே இடம்பெற்றது. அக்டோபர்த் திங்கள் இறுதியில், நைட்ஸ்பிரிட்ஜ் பகுதியிலிருந்த பிரின்ஸ் சறுக்காட்ட மன்றத்தில் போட்டிகள் நடந்தன. பெண்டிர் பிரிவில் ஐவர் ஆடினர். நடுவர் ஐவரும் மேட்ஜ் சயர்ஸையே முதல்வராகக் குறித்தனர். ஒலிம்பிக் சறுக்காட்டத்தில் பொற்பதக்கம் பெற்ற முதற்பெண்மணி அவரே. கணவரும் மனைவியுமாய் ஆடிய இணையர் போட்டியில் இருவரும் மூன்றாம் இடம் பெற்று வெண்கலப் பதக்கம் கொண்டனர்.

அதுவே அவர் ஏறிய கடைசிப் போட்டி மேடை. உடல்நலம் குன்றியதால் இருபத்தேழாம் வயதிலேயே போட்டிகளினின்று விலகினார். பின்னர்க் கணவரோடு சேர்ந்து சறுக்காட்டக் கலையைப் பற்றி எழுதிய நூல் 1913இல் வெளிவந்தது. முதல் உலகப் போர் மூண்டு, பனித்தரைகளில் ஆடிய இளைஞர் பலர் போர்க்களம் சென்றனர். 1917ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 9ஆம் நாள், இதயநோயால் மேட்ஜ் சயர்ஸ் அம்மையார் காலமானார். முப்பத்தாறாம் பிறந்த நாளுக்கு அப்போது ஒரு வாரமே இருந்தது. அவர் பொற்பதக்கம் வென்ற பிரின்ஸ் மன்றத்துப் பனித்தரையும் அவ்வாண்டிலேயே மூடப்பட்டது.