அர்ச். கத்தரீனம்மாளும் அவள் தாயாரும்



ஏப்ரல் மாதம் 29-ம் தேதி நாம் திருநாள் கொண்டாடுகிற அர்ச். சியென்னா கத்தரீனம்மாளை நீங்கள் அறியாதவர்களல்ல. அவிஞ்ஞோன் பட்டணத்தில் தங்கியிருந்த 11-ம் கிரகோரியார் பாப்பானவரை ரோமாபுரிக்குத் திரும்பும்படி வற்புறுத்தினவள் அவள். பாப்பானவரும் 1377 ஜனவரியில் ரோமை வந்து சேர்ந்தார். 1970-ல் அவளுக்கு வேதபாரகர் பட்டம் அளிக்கப்பட்டது. இதெல்லாம் ஞானோபதேச வகுப்பிலேயே கேட்டிருப்பீர்கள். இன்று நான் சொல்ல வந்தது அவளுடைய பதினைந்து வயதின் கதை. பிரசங்கங்களில் அதை அவசரமாகத் தாண்டிப் போவது வழக்கம்; நானும் அப்படித் தாண்டினவன்தான்.

அவள் 1347-ல் இத்தாலியா தேசத்தில் பிறந்தாள். தகப்பனார் ஜாக்கமோ, துணிக்குச் சாயம் தோய்க்கும் தொழிலாளி. தாயார் பெயர் லாப்பா. இருபதுக்கு மேற்பட்ட பிள்ளைகளைப் பெற்ற அந்தத் தாய், தானே முழுதும் பாலூட்டி வளர்த்தது இந்தக் கத்தரீனைத்தான். கூடப்பிறந்த இரட்டைக் குழந்தை சிசுவிலேயே இறந்துபோயிற்று.

தமக்கை பொனவெந்தூரா மேல் கத்தரீனுக்கு உயிர். தலைவாரி, நல்ல உடை உடுத்தும்படி தங்கைக்குப் புத்தி சொன்னவள் அவளே. 1362-ல் அந்தத் தமக்கை பிரசவத்தில் இறந்தாள். சாவு எப்படிப்பட்ட காயத்தை உண்டாக்கிற்று என்று பாருங்கள்: தமக்கை பேச்சைக் கேட்டுச் சிலகாலம் அலங்காரம் செய்துகொண்டதைப் பெரும் பாவமென்று எண்ணி, வருடங்கள் கழித்தும் பாவசங்கீர்த்தனத்தில் விம்மி விம்மி அழுதாளாம். அதைச் சாவான பாவமென்று சொல்ல அவளுடைய ஆத்தும குருவுக்கே மனம் வரவில்லை.

வீட்டாரோ துக்கத்தை ஆற்றாமல் கலியாணப் பேச்சை மும்முரமாக்கினார்கள். பெண் தலைமயிரைக் கத்தரித்துக்கொண்டாள். தண்டனையாக அவளுடைய அறையைப் பிடுங்கி, அடுப்படி வேலை முழுவதையும் அவள் தலையில் போட்டார்கள். முடிவில் தகப்பனார் மனமிரங்கி அவளை அவள் வழியில் விட்டார். அறை திரும்பக் கிடைத்தது, கதவு சாத்திக்கொண்டது. அந்தக் கதவுக்குப் பின்னால் இரண்டு காரியங்கள் கைகோத்து வளர்ந்தன. ஒன்று, உணவு வருடத்துக்கு வருடம் குறைந்தது. மற்றது, தன் சரீரத்தைத் தானே காயப்படுத்திக்கொண்டாள்.

லாப்பா இதைக் கண்டுபிடித்தபோது போட்ட கூக்குரல் அக்கம்பக்கம் கேட்டது. மகளைத் தன் படுக்கையிலேயே படுக்கவைத்துக் காவல் காத்தாள். தேகம் தேறட்டுமென்று வெந்நீர் ஊற்றுள்ள ஊருக்கு அழைத்துப் போனாள். அங்கேயும் பெண் தன்னை வருத்திக்கொள்ள வழி தேடினாள். பழைய சரித்திரக்காரர்கள் லாப்பாவை உலகப்பற்றுள்ள, விவரமறியாத தாயாகக் காட்டுவார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்த வீட்டில் ஆபத்தைச் சரியாகக் கண்ட ஆள் அவள் ஒருத்திதான்.

1985-ல் ருடால்ப் பெல் என்னும் அமெரிக்கச் சரித்திர ஆசிரியர், இது இக்காலத்து இளம்பெண்களுக்கு வரும் உணவு மறுக்கும் நோயைப் போன்றதே என்று ஒரு புத்தகம் எழுதினார். 1987-ல் கரோலின் பைனம் அம்மாள், அக்காலத்தில் உணவுக்கும் உபவாசத்துக்கும் வேறு பொருள் இருந்தது, இக்கால நோயின் பெயரை அவர்கள்மேல் சாத்துவது போதாது என்று எழுதினார். அறுநூறு வருடத்துக்கு முந்தின நாடியைப் பார்க்க நான் டாக்டரல்ல. ஆனால் டாக்டர்கள் இன்று சொல்வதை நீங்கள் அறிய வேண்டும். சாப்பாட்டை ஒதுக்கும் பிள்ளையும், தன்னையே காயப்படுத்திக்கொள்ளும் பிள்ளையும் பல தடவை ஒரே பிள்ளைதான். துக்கமோ, வெட்கமோ, தன்மேல் தனக்கே உண்டான கோபமோ உள்ளே தாங்கமுடியாமல் போகும்போது, இந்த இரண்டில் ஒன்று கொஞ்சநேரம் ஆறுதல்போல் தோன்றும். ஆறுதல் தேய்ந்ததும் மறுபடி அதையே நாடும். பட்டினி நீண்டால் அதுவே புத்தியைக் கலக்கி, நோயை இறுக்கும். ஆண்பிள்ளைகளுக்கும் இது வரும். பிடிவாதமென்றும் வேஷமென்றும் திட்டுவதால் கதவு இன்னும் இறுகச் சாத்தப்படும்.

என் குற்றத்தையும் சொல்லிவிடுகிறேன். பல வருடங்களுக்கு முன், வேறொரு பங்கில், தபசு காலம் முடிந்த பிறகும் ஒருசந்தியை விடாத ஒரு பெண்ணை எல்லார் முன்பாகவும் புகழ்ந்தேன். கடும் வெயிலிலும் அவள் முழுக்கைச் சட்டை போட்டிருந்ததை நான் கவனிக்கவில்லை. அவள் தாய் கவனித்தாள். என்னிடம் வந்து அழுதாள். நான் ஜெபமாலை சொல்லச் சொன்னேன். டாக்டரிடம் அழைத்துப் போகச் சொல்லவில்லை. தாய் என்னைக் கேளாமல் தானே அழைத்துப் போனாள். பெண் பிழைத்தாள்.

கத்தரீனம்மாளுக்கு வருவோம். பிற்காலத்தில் புளோரன்ஸ் பட்டணத்தார் ஒருவர் அவள் சாப்பிடாததைக் குறைகூறியபோது, அவள் அதைப் புண்ணியமென்று பெருமை பேசவில்லை. மற்றவர்களைப்போல் சாப்பிடத் தான் முயல்வதாகவும், இந்த வியாதியைக் குணப்படுத்தும்படி ஆண்டவரை மன்றாடுவதாகவும் பதில் எழுதினாள். ஓர்வியேத்தோ ஊர்க் கன்னிகை தானியெல்லாவுக்கு எழுதிய கடிதத்தில், ஒறுத்தல் ஒரு கருவி மாத்திரமே, அதையே நோக்கமாக வைத்துக்கொள்ளாதே என்று எச்சரித்தாள். பிறருக்கு அந்தப் புத்தியைச் சொன்னவளுக்குத் தன் தேகத்தை மீட்கக் கூடவில்லை. கொள்ளைநோய்க்காரரைப் பராமரித்ததும், சமாதானம் தேடி ஊர் ஊராய் நடந்ததும் பட்டினியால் வந்த பலமல்ல. பட்டினி இருந்தும் செய்தவை. 1380-ம் வருடத் துவக்கத்தில் தண்ணீரும் இறங்கவில்லை. ஏப்ரல் 29-ல், 33 வயதில், ரோமையில் மரித்தாள்.

பிறகு ரெய்முந்து சுவாமியார் அவளுடைய சரித்திரத்தை எழுத உட்கார்ந்தபோது, இளமைப் பருவத்துக்குச் சாட்சி தேடினார். லாப்பா அப்போதும் உயிரோடிருந்தாள். பிள்ளைகளில் அநேகரை அடக்கம் செய்துவிட்ட அந்தக் கிழவிதான், பூட்டிய அறைக்குள் தான் கண்டதை அவரிடம் சொன்னாள்.