தமிழிடம் மாணவராக அமர்ந்த மாமுனிவர்



வீரமாமுனிவர் என்ற பெயரை அறியாத தமிழ்க் கத்தோலிக்கர் மிகச் சிலரே. ஏலாக்குறிச்சி அடைக்கல அன்னையிடம் திருப்பயணம் போகிறோம். கோணான்குப்பத்துப் பெரியநாயகி அன்னையின் திருவிழாவில் கலந்துகொள்கிறோம். தேம்பாவணி என்ற பெயரை மறையுரைகளில் அடிக்கடி கேட்கிறோம். ஆனால் அந்த நூலைக் கையில் எடுத்துப் பத்துப் பாடல்களையாவது வாசித்தவர்கள் நம்மிடையே எத்தனை பேர்? எதுகை, மோனை, அந்தாதி, கலம்பகம் என்ற சொற்களைக் கண்டதும், இது புலவர்களுக்கு உரியது, நமக்கு அல்ல என்று ஒதுங்கிவிடுகிறோம். பள்ளித் தேர்வுக்காகப் படித்தோம், தேர்வோடு மறந்தும் விட்டோம். ஆனால் இதே சொற்களை, முப்பது வயதில் கடல் கடந்து வந்து, ஒரு மாணவரைப் போல் அமர்ந்து கற்றார் அந்தத் துறவி. அவருடைய வாழ்வின் வழியாகவே இச்சொற்களை நாமும் மீண்டும் கற்றுக்கொள்ள முயல்வோம்.

கற்பிக்க வந்தவர் கற்றுக்கொண்டார்

வட இத்தாலியில் மாந்துவா பகுதியிலுள்ள காஸ்திலியோனே என்ற ஊரில் 1680ஆம் ஆண்டு நவம்பர் 8ஆம் நாள் பிறந்தார் கொன்ஸ்தான்சோ ஜோசப் பெஸ்கி. புனித ஞானப்பிரகாசியார் பிறந்ததும் இதே ஊர்தான். 1698இல் இயேசு சபையில் சேர்ந்தார். 1709இல் குருப்பட்டம் பெற்றார். 1711இல் மதுரை மறைப்பணித் தளத்தை வந்தடைந்தார். இலத்தீன், கிரேக்கம் உள்ளிட்ட மொழிகளை அறிந்த மனிதர், இங்கே வந்து தமிழ் எழுத்துக்களை எழுதிப் பழகினார். தமிழ்ப் புலவர்களிடம் பாடம் கேட்டார். தம் இயற்பெயரின் பொருளையே தமிழாக்கித் தைரியநாதர் என்று அழைக்கப்பட்டார். பின்னாளில் மக்கள் அவரை வீரமாமுனிவர் என்றே அறிந்தனர்.

மறையுரை ஆற்றுவதற்குப் பேச்சுத் தமிழே போதுமானதாய் இருந்திருக்கும். ஆனால் அவர் அத்துடன் நிற்கவில்லை. ஒரு மக்கள் தங்கள் மகிழ்ச்சியையும் துயரையும் கடவுள் பற்றையும் எந்த வடிவங்களில் பாடினார்களோ, அந்த வடிவங்களை அறியாமல் அவர்களுடைய உள்ளத்தோடு பேச முடியாது என்பதை உணர்ந்தார். இலக்கணம் அவருக்கு அந்த உள்ளத்தின் வாசலாயிற்று.

செபமாலையும் செய்யுளும்

1730இல் அவர் தொன்னூல் விளக்கம் என்ற இலக்கண நூலை இயற்றினார். எழுத்து, சொல், பொருள், யாப்பு, அணி என்ற ஐந்து இலக்கணங்களையும் ஒரே நூலில் தந்தார். இவற்றுள் யாப்பு என்பது செய்யுளைக் கட்டும் முறை. யாத்தல் என்றாலே கட்டுதல் என்பதுதான் பொருள்.

இதை நம் கையிலுள்ள செபமாலையைக் கொண்டே புரிந்துகொள்ளலாம். ஒவ்வொரு மணியும் ஓர் அசை. தாய் என்பது நேரசை, கடல் என்பது நிரையசை. அசைகள் சேர்ந்தால் சீர். ஒரு சீரை அடுத்த சீரோடு பிணைக்கும் கண்ணி தளை. சீர்கள் தொடர்ந்து வந்தால் அடி. அடிகளையும் சீர்களையும் ஓசையால் தொடுப்பது தொடை. மணிகள் சிதறிக் கிடந்தால் அது மாலை ஆகாது. சொற்கள் சிதறிக் கிடந்தால் அது பாட்டு ஆகாது.

தொடையில் நாம் அதிகம் கேள்விப்பட்டவை மோனையும் எதுகையும். முதலெழுத்து ஒத்து வருவது மோனை. அன்னை, அருள், அமைதி என்ற சொற்கள் மோனையால் இணைகின்றன. முதலெழுத்தின் அளவு ஒத்திருக்க, இரண்டாம் எழுத்து ஒன்றி வருவது எதுகை. அன்னை, முன்னை, பின்னை என்பவை எதுகைச் சொற்கள். இறுதியில் ஓசை ஒன்றி வந்தால் இயைபு. இருளும் ஒளியும், வாழ்வும் சாவும் போல எதிரெதிரானவை சேர்ந்து வந்தால் முரண். அச்சு நூல்கள் எளிதில் கிடைக்காத காலத்தில் மக்கள் பாடல்களை மனத்தில் சேமித்து வைக்க இந்த ஒலி ஒற்றுமைகளே உதவின.

1732இல் அவர் தொகுத்த சதுரகராதி இதற்கு இன்னொரு சான்று. சதுர் என்றால் நான்கு. ஒரு சொல்லின் பல பொருள்களைத் தருவது பெயரகராதி. ஒரு பொருளுக்குரிய பல சொற்களைத் தருவது பொருளகராதி. மூவேந்தர், ஐம்பூதம் போன்ற தொகைச் சொற்களை விரித்துரைப்பது தொகையகராதி. எதுகைச் சொற்களை வரிசைப்படுத்துவது தொடையகராதி. சொற்பொருளை அறிய அன்றைய மாணவர்கள் செய்யுளில் அமைந்த நிகண்டுகளை மனப்பாடம் செய்ய வேண்டியிருந்தது. அகர வரிசையில் தேடினால் கிடைக்கும்படி சொற்களை அடுக்கி, அந்தச் சுமையைக் குறைத்தார் முனிவர்.

எழுத்திலும் அவர் செய்த உதவி பெரிது. அந்நாளைய ஓலைகளில் குறில் எகரத்தையும் நெடில் ஏகாரத்தையும் வேறுபடுத்திக் காண்பது கடினமாயிருந்தது. எரி என்பதா, ஏரி என்பதா என்று இடம் பார்த்துத்தான் கண்டுகொள்ள வேண்டும். கொடு, கோடு என்பவற்றிலும் இதே குழப்பம். இந்தக் குழப்பம் நீங்க, நெடிலைத் தனியே காட்டும் வடிவங்களை அவர் வகுத்தார். ஏசு என்று எழுதும்போதும் கோவில் என்று எழுதும்போதும் அவருடைய கொடையை நாம் பயன்படுத்துகிறோம்.

வடிவத்துக்குள் ஒரு செபம்

இலக்கணம் எழுதியதோடு அவர் நின்றுவிடவில்லை. கற்ற வடிவங்களிலேயே பாடினார். திருக்காவலூர் என்று அவர் பெயரிட்டழைத்த ஏலாக்குறிச்சியின் அன்னைக்குக் கலம்பகம் பாடினார். பல வகைப் பாக்களும் பாவினங்களும் கலந்து வருவது கலம்பகம். பல நிற மலர்களைக் கலந்து கட்டிய கதம்பத்தை அதற்கு ஒப்பிடலாம்.

மகனை இழந்த மரியாவின் துயரைப் பாட அவர் தேர்ந்தது அந்தாதி. அந்தம் என்றால் முடிவு, ஆதி என்றால் தொடக்கம். ஒரு பாடலின் முடிவு அடுத்த பாடலின் தொடக்கமாக வரும். அந்நூலின் பெயர் அன்னை அழுங்கல் அந்தாதி. இழப்பின் துயரை அனுபவித்தவர்களுக்கு இந்த வடிவம் ஏன் பொருந்துகிறது என்பது விளங்கும். ஓர் அழுகை ஓய்ந்த இடத்திலேயே அடுத்த அழுகை தொடங்கிவிடுகிறது அல்லவா?

மறைசாட்சி கித்தேரி அம்மாளின் வரலாற்றை அம்மானையாகப் பாடினார். பெண்கள் காய்களை வீசிப் பிடித்து விளையாடும்போது பாடியது அம்மானை. எளிய மக்களும் கேட்டு மகிழக்கூடிய வடிவம் அது. உயர்ந்தோர்க்கு ஒரு தமிழ், எளியோர்க்கு ஒரு தமிழ் என்று அவர் ஒன்றை மதித்து மற்றதை இகழவில்லை. செந்தமிழுக்கும் இலக்கணம் எழுதினார், மக்கள் பேசும் கொடுந்தமிழுக்கும் இலக்கணம் எழுதினார். வேதியர்களுக்காக வேதியர் ஒழுக்கத்தை உரைநடையில் தந்தார். பரமார்த்த குருவின் கதையில் மூடக் குருவையும் சீடர்களையும் காட்டிச் சிரிக்க வைத்தார். குறைகளை நகைச்சுவையால் சுட்டும் இவ்வகை எழுத்துக்கு அங்கதம் என்று பெயர்.

பேசாத தலைவர்

இவை எல்லாவற்றுக்கும் சிகரமாக அமைந்தது தேம்பாவணி. மூன்று காண்டங்கள், 36 படலங்கள், 3615 பாடல்கள் கொண்ட இக்காப்பியத்தை 1726இல் அவர் நிறைவு செய்தார். தலைப்பே ஓர் இலக்கணப் பாடம். தேம்பா அணி என்று பிரித்தால் வாடாத மாலை. தேன் பா அணி என்று பிரித்தால் தேன் போன்ற பாக்களால் ஆன மாலை. ஒரே தொடர் இரு பொருள் தருவதைச் சிலேடை என்கிறோம்.

பெருங்காப்பியத்துக்கு நாட்டு வருணனை, நகர வருணனை எல்லாம் வேண்டும். முனிவரும் யூதேயாவையும் எருசலேமையும் தமிழ் மரபில் மழையும் ஆறும் வயலுமாக வருணித்தார். அதைவிட முக்கியமாக, காப்பியத்துக்குத் தனக்கு நிகரில்லாத தலைவன் ஒருவன் வேண்டும் என்பது இலக்கணம். அத்தகைய தலைவர்களை அரண்மனையிலும் போர்க்களத்திலும் தேடுவதே பெருவழக்கு. முனிவர் தேடிச் சென்றதோ ஒரு தச்சரின் பட்டறைக்கு. வளன் என்று தமிழில் அவர் பெயரிட்ட புனித யோசேப்பு, நற்செய்தி நூல்களில் ஒரு வார்த்தைகூடப் பேசாதவர். பேசாத உழைப்பாளியை நிகரில்லாத தலைவராக்கியபோது, தலைமை என்றால் என்ன என்ற கேள்வியையே முனிவர் நம்முன் வைத்துவிடுகிறார். காப்பிய இலக்கணம் தெரியாதவருக்கு இது ஒரு புனிதரின் கதை மட்டுமே. தெரிந்தவருக்கோ இதில் நற்செய்தியே ஒலிக்கிறது. தாழ்ந்தோர் உயர்த்தப்படுவதை அவர் காப்பியத்தின் கட்டமைப்பிலேயே எழுதிவிட்டார்.

எல்லைகளைக் கடந்த தமிழ்

அவர் காலத்தின் பிணக்குகளும் அவர் வாழ்வில் இருந்தன. தரங்கம்பாடி லுத்தரன் சபையினரோடு கடுமையாக வாதிட்டு நூல்கள் எழுதினார். ஆயினும் கொடுந்தமிழுக்கு அவர் இலத்தீனில் எழுதிய இலக்கணம் 1738இல் அச்சானது அதே தரங்கம்பாடியில், லுத்தரன் மறைப்பணியாளர்களின் அச்சகத்தில்தான். மறையுரையில் எதிரெதிராய் நின்றவர்களை மொழி ஒரே மேசையில் அமர்த்தியது. திருக்குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் அவர் இலத்தீனில் மொழிபெயர்த்ததையும் இங்கே நினைவுகூரலாம். தமிழருக்குக் கொடுக்க வந்தவர், தமிழரிடமிருந்து பெற்றதைத் தம் மக்களுக்கும் கொடுத்தார்.

1747ஆம் ஆண்டு பிப்ரவரி 4ஆம் நாள் கேரளத்து அம்பழக்காட்டில் அவர் இறையடி சேர்ந்தார். 1968இல் இரண்டாம் உலகத் தமிழ் மாநாட்டையொட்டிச் சென்னை மெரினா கடற்கரையில் அவருக்குச் சிலை எழுப்பப்பட்டது.

நம் சிந்தனைக்கு

மாதா மன்றாட்டுமாலையில் அன்னையைக் கோபுரமாகவும் விண்மீனாகவும் அழைக்கிறோம். கோபுரம் போன்றவள் என்று சொன்னால் அது உவமை. கோபுரமே என்று அழைத்துவிட்டால் அது உருவகம். உவமையில் இரண்டு பொருள்கள் அருகருகே நிற்கின்றன, உருவகத்தில் ஒன்றாகிவிடுகின்றன. இந்த வேறுபாட்டை உணர்ந்து செபிப்பவரின் செபம் ஆழமாகும்.

நம் இல்லங்களில் பிள்ளைகள் தமிழைப் பேசுகிறார்கள், ஆனால் வாசிக்கத் தயங்குகிறார்கள். பாடகர் குழுக்களில் புதுப் பாடல்கள் பிறக்கின்றன, ஆனால் ஓசைக்காக மட்டும் சொற்களைச் சேர்க்கும் பழக்கமும் இருக்கிறது. அந்நியர் ஒருவர் ஆண்டுக்கணக்கில் உழைத்துக் கற்றதை, பிறப்பிலேயே பெற்ற நாம் கைவிடலாமா? வாரம் ஒரு முறையேனும் குடும்ப செபத்துக்குப் பின் தேம்பாவணியின் ஒரே ஒரு பாடலை உரையோடு வாசிப்போம். எதுகை எங்கே, உவமை எங்கே என்று பிள்ளைகளைக் கேட்போம். வார்த்தை மனுவுருவானார் என்று அறிக்கையிடும் நாம் வார்த்தைகளை மதிக்கக் கற்றுக்கொள்வோம். கற்பிக்கும் முன் கற்றுக்கொண்ட அந்த மாமுனிவரின் தாழ்ச்சியை இறைவன் நமக்கும் அருள்வாராக!