உலகின் முதல் டிராஃபிக் சிக்னல் ஒரு மாதத்துக்குள் வெடித்தது ஏன்? அதை வடிவமைத்த ஜான் பீக் நைட் யார்?

ஆபீஸ் நேரத்தில் ஒரு பெரிய சந்திப்பில் சிக்னல் அணைந்துபோனால் என்ன ஆகும் என்று நகரத்தில் வேலை பார்க்கும் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. ஒரு போக்குவரத்துக் காவலர் நடுரோட்டில் நின்று கை காட்டுவார். கொஞ்ச நேரத்தில் பராமரிப்பு ஆட்கள் வந்து கம்பத்தில் ஏறுவார்கள். பச்சை விழுந்ததும் நாம் கிளம்பிவிடுவோம். கம்பத்தின் மேலே இருப்பவரைப் பற்றி யோசிக்க நேரம் இருக்காது.

ஆனால் உலகின் முதல் டிராஃபிக் சிக்னலின் கதையே அந்தக் கம்பத்தடியில் நின்ற ஒரு மனிதருக்கு நேர்ந்த விபத்தோடுதான் முடிந்தது. அந்த சிக்னலை வடிவமைத்தவர் ஜான் பீக் நைட். ரயில்வேக்காரர்.

பார்சல் அறையிலிருந்து மேலாளர் நாற்காலி வரை

1828-ல் இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் நகரில் பிறந்தவர் நைட். 12 வயதிலேயே பள்ளிப் படிப்பு நின்றுபோனது. டெர்பி ரயில் நிலையத்தின் பார்சல் அறையில் வேலைக்குச் சேர்ந்தார். அங்கிருந்து படிப்படியாக மேலே வந்து, ரயில் போக்குவரத்தை நிர்வகிக்கும் பொறுப்புகளுக்கு உயர்ந்தார்.

அந்தக் காலத்து ரயில்வே ஒரு பாடத்தைக் கடுமையான விபத்துகள் வழியாகக் கற்றுக்கொண்டிருந்தது. ஓட்டுநரின் கண்ணையும் அனுபவத்தையும் மட்டும் நம்பினால் போதாது. எல்லோருக்கும் ஒரே அர்த்தம் தரும் அடையாளம் வேண்டும். அதற்காக வந்ததுதான் கைகாட்டி. கை நேராக நீண்டிருந்தால் நில். கீழே சாய்ந்திருந்தால் போகலாம்.

லண்டன் தெருக்களில் அப்படி எதுவுமே இல்லை. குதிரை வண்டிகளும் சரக்கு வண்டிகளும் முட்டிக்கொண்டு போகும். நடந்து போகிறவர்கள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டுதான் சாலையைக் கடக்க வேண்டும். ரயிலுக்கு வேலை செய்யும் கைகாட்டி ரோட்டுக்கு ஏன் வேலை செய்யாது என்று கேட்டார் நைட்.

நடப்பவர்களுக்காக வந்த சிக்னல்

1868 டிசம்பரில், லண்டனின் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் அருகே, பிரிட்ஜ் ஸ்ட்ரீட் சந்திப்பில் அந்த சிக்னல் நிறுவப்பட்டது. தயாரித்தது ரயில்வே சிக்னல்களுக்குப் பேர்போன சாக்ஸ்பி அண்ட் ஃபார்மர் நிறுவனம். (இதே பெயரில் பிற்காலத்தில் கொல்கத்தாவிலும் ரயில் சிக்னல் தொழிற்சாலை இயங்கியது.)

20 அடிக்கும் மேல் உயரமான கம்பம். பகலில் கைகாட்டிகள். இரவில் உச்சியில் சிவப்பு, பச்சை கேஸ் விளக்குகள். அடியில் ஒரு நெம்புகோல். அதைப் பிடித்து இயக்க ஒரு போலீஸ்காரர். தானாக மாறும் சங்கதியெல்லாம் கிடையாது.

இதில் கவனிக்க வேண்டியது, அந்த நிறங்களின் அர்த்தம். சிவப்பு என்றால் நில். பச்சை என்றால் இன்று போல ‘கிளம்பு’ இல்லை; ஜாக்கிரதையாகப் போ, நடப்பவர்களைப் பார்த்துப் போ என்று அர்த்தம். சிவப்பே கூட, ஆட்கள் சாலையைக் கடக்கும்போது வண்டிகளை நிறுத்தத்தான். ஆக, முதல் டிராஃபிக் சிக்னல் முக்கியமாக யோசித்தது வண்டியில் போகிறவரை அல்ல, நடந்து போகிறவரை.

ஜனவரி 2, 1869

இந்த முயற்சிக்கு ஆதரவு கொடுத்த லண்டன் போலீஸ் கமிஷனர் ரிச்சர்ட் மேய்ன், சிக்னல் வந்த அதே மாதத்தில் காலமானார். சில நாட்களிலேயே அடுத்த அடி விழுந்தது. நடைபாதைக்குக் கீழே சென்ற கேஸ் குழாயில் கசிவு. ஜனவரி 2-ம் தேதி சிக்னல் வெடித்தது. அதை இயக்கிய போலீஸ்காரர் காயமடைந்தார். அவர் இறந்தே போனார் என்று சொல்லும் பதிவுகளும் உண்டு.

திட்டத்தில் பிழை இருந்ததாகச் சொல்ல முடியாது. வண்டிகளைக் கட்டுப்படுத்தும் வேலையை அது நன்றாகவே செய்தது. கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருந்த ஒரு குழாய்தான் கவிழ்த்தது. தெருவில் நடப்பவர்களைக் காப்பாற்ற வந்த கம்பம், அதன் அடியில் நின்று வேலை பார்த்தவரைக் காப்பாற்றவில்லை. லண்டன் தெருக்களுக்கு மறுபடி விளக்கு சிக்னல் வர 1926 வரை ஆனது. அந்த வருடம் பிக்கடில்லியில் வந்ததையும் போலீஸ்காரர்தான் கையால் இயக்கினார்.

அதற்குள் அமெரிக்கா முந்திவிட்டது. 1914-ல் கிளீவ்லேண்டில் மின்சார சிக்னல் வந்தது. 1920-ல் டெட்ராய்ட்டில் மூன்று நிற விளக்கு வந்தது.

நைட் என்ன ஆனார்?

அவர் ரயிலுக்கே திரும்பினார். 1870-ல் லண்டன், பிரைட்டன் அண்ட் சவுத் கோஸ்ட் ரயில்வேயின் பொது மேலாளர் ஆனார். 1881-ல் அந்த நிறுவனத்தின் புல்மேன் பெட்டி ஒன்றில் மின்விளக்கு எரிந்தது. ரயில் பெட்டிக்கு மின்விளக்கு என்பது அன்று பெரிய புதுமை. கேஸ் விளக்கால் தன் சிக்னலை இழந்தவரின் நிர்வாகத்தில்தான் இது நடந்தது. ஆனால் மின்சாரம் தெரு சிக்னலுக்கு வருவதைப் பார்க்க அவர் இல்லை. 1886-ல் 57 வயதில் இறந்தார். அந்தச் சந்திப்புக்கு அருகே இப்போது அவர் நினைவாக ஒரு பெயர்ப்பலகை இருக்கிறது.

இன்றைக்கு என்ன பாடம்?

இன்றைய நவீன சிக்னல் கட்டுப்பாட்டுப் பெட்டிகள் தங்களைத் தாங்களே கண்காணிக்கின்றன. மோதக்கூடிய இரண்டு திசைகளுக்கு ஒரே நேரத்தில் பச்சை விழப்போனால், வழக்கமான ஓட்டத்தை நிறுத்திவிட்டு எச்சரிக்கை விளக்கைச் சிமிட்டத் தொடங்கும். ஏதாவது தப்பாகப் போனால் ஆபத்தில்லாத நிலைக்குப் போய்விடு என்ற இந்த யோசனையும் ரயில்வே வளர்த்ததுதான்.

ஆனால் எந்தப் பெட்டியாலும் தன் கேபிளைத் தானே மாற்றிக்கொள்ள முடியாது. யாரோ ஒருவர் ஓடும் வண்டிகளுக்கு நடுவே ஏணி போட்டு, மின்சாரம் நின்றிருக்கிறதா என்று சோதித்து, மேலே ஏற வேண்டும். அவருக்கு இடுப்புப் பட்டை உண்டா, தலைக்கவசம் உண்டா, கீழே வண்டிகளைத் திருப்பிவிட ஆள் உண்டா என்பதெல்லாம் பராமரிப்புக் குழுவை நடத்துபவர் தினமும் பார்க்க வேண்டிய கணக்கு. ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் எத்தனை சிக்னல் வைத்தோம் என்று எண்ணும்போது, இந்தக் கணக்கையும் கேட்க வேண்டும். 1869-ல் அதற்கான விலையைக் கொடுத்தவர் ஒரு சாதாரண போலீஸ்காரர்.