யார் இந்த ரசிகமணி டி.கே.சி? ஸ்ரீவில்லிபுத்தூரில் பிறந்து, குற்றாலத்தில் தமிழ் விருந்து வைத்தவரின் கதை

குற்றால சீசன் வந்துவிட்டால் மதுரைப் பக்கம் இருந்து கிளம்பும் வேன்கள் பெரும்பாலும் பிடிக்கும் ரோடு இதுதான்: ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம், சேத்தூர், சிவகிரி, புளியங்குடி, கடையநல்லூர், தென்காசி. மேற்கே மலை கூடவே வரும். தென்காசி தாண்டினால் சாரல்.

இந்த ரோட்டின் ஒரு முனையில் பிறந்து, மறுமுனையில் கண்மூடியவர் டி.கே.சி என்கிற டி.கே.சிதம்பரநாத முதலியார். அவர் பெரிய கவிஞர் இல்லை. தமிழ்ப் பண்டிதரும் இல்லை. சினிமா, நாடகம் எதிலும் நடித்ததில்லை. ஆனாலும் தமிழ் இலக்கிய உலகம் அவருக்குத் தனியாக ஒரு பட்டம் வைத்திருக்கிறது. ரசிகமணி. வெறும் ரசிகராக இருந்தே ஒருத்தர் இவ்வளவு பெயர் வாங்க முடியுமா?

வக்கீலுக்குப் படித்தவர்

டி.கே.சி பிறந்தது 1882 ஆகஸ்ட் 18, ஸ்ரீவில்லிபுத்தூரில். குடும்பத்தின் சொந்த ஊர் தென்காசி. அப்பா பெயர் தீத்தாரப்ப முதலியார். சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில் பி.ஏ, அதற்குப் பிறகு சட்டம். திருநெல்வேலியில் வக்கீலாகப் பதிவு செய்துகொண்டாலும் அந்தத் தொழிலில் மனசு ஒட்டவே இல்லை.

பதவிகள் வராமல் இல்லை. 1927-ல் சென்னை சட்ட மேலவை உறுப்பினர் ஆனார். 1930 முதல் 1935 வரை இந்து அறநிலையப் பாதுகாப்புத் துறையில் ஆணையராக இருந்தார். ஆனா இன்னைக்கு அவரை யாரும் அந்தப் பதவிகளுக்காக நினைப்பதில்லை. வீட்டு முற்றத்தில் அவர் கூட்டிய கூட்டத்துக்காகத்தான் நினைக்கிறார்கள்.

வட்டத்தொட்டி என்றால் என்ன?

சென்னையில் இப்போ ஓப்பன் மைக், புக் கிளப், கஃபேயில் கவிதை வாசிப்பு என்று கலக்குகிறார்கள் இல்லையா? திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் 1924-லேயே அப்படி ஒரு செட் இருந்தது. டி.கே.சி வீட்டு முற்றத்தில் வட்டமாக ஒரு தொட்டிக்கட்டு. நண்பர்கள் அங்கே கூடி உட்கார்ந்ததால் அந்தக் கூட்டத்துக்கே வட்டத்தொட்டி என்று பெயர் வந்தது. உறுப்பினர் சந்தா, தலைவர், செயலாளர் மாதிரியான சங்க சமாச்சாரம் எதுவும் அதன் அடையாளம் இல்லை. பாட்டு, பேச்சு, சாப்பாடு, அவ்ளோதான்.

இது ஏன் பெரிய விஷயம் என்று புரிய, அதற்கு முந்தைய காலத்தைப் பார்க்கணும். தென் மாவட்டங்களில் அதுவரை தமிழ்க் கவிதைக்கு வீடு என்றால் ஜமீன் அரண்மனையும் மடமும்தான். சேத்தூர் ஜமீன் கவிராயர்களை ஆதரித்தது. ஊற்றுமலை ஜமீன், காவடிச் சிந்து பாடிய அண்ணாமலை ரெட்டியாரை ஆதரித்தது. புலவர் பாடுவார், ஜமீன்தார் பரிசு தருவார். ஊர்க்காரருக்கு அந்த சபையில் இடம் கிடைப்பது கஷ்டம்.

டி.கே.சி அந்தப் பாட்டைத் தூக்கிக்கொண்டு வந்து வீட்டு முற்றத்தில் வைத்தார். அங்கே வக்கீல்கள், அதிகாரிகள், வாத்தியார்கள் எல்லாம் சரிசமமாக உட்கார்ந்தார்கள். பின்னாளில் உயர் நீதிமன்ற நீதிபதியான எஸ்.மகராஜன், அரசு அதிகாரியாக இருந்த தொ.மு.பாஸ்கரத் தொண்டைமான், ஆங்கிலப் பேராசிரியர் அ.சீனிவாச ராகவன் போன்றவர்கள் அந்த வட்டத்தில் உருவானவர்கள்.

அங்கே அப்படி என்னதான் நடந்தது?

கம்பராமாயணத்தில் ஒரே ஒரு பாட்டை எடுப்பார். உரை, இலக்கணக் குறிப்பு எதையும் முதலில் தொடமாட்டார். பாட்டை வாய்விட்டுச் சொல்வார். நிறுத்துவார். மறுபடி சொல்வார். எந்த இடத்தில் குரல் ஏறுது, எந்த இடத்தில் மூச்சு நிற்குது என்று கேட்பவருக்கே பிடிபடும் வரை விடமாட்டார். பாட்டின் தாளத்துக்குள்ளேயே உணர்ச்சி இருக்கு, அது காதில் விழுந்தால் அர்த்தம் தானாக வரும் என்பது அவர் கட்சி. பள்ளிக்கூடத்தில் செய்யுள் என்றாலே ஓடியவர்கள் கூட இங்கே வந்து சொக்கிப்போனார்கள்.

தன் காலத்துக் கவிஞரையும் அவர் விடவில்லை. கவிமணி தேசிக விநாயகம் பிள்ளையின் பாடல்களை ஊர் ஊராக எடுத்துச் சொன்னவர்களில் முக்கியமானவர் டி.கே.சி.

பிற்காலத்தில் ஜாகை குற்றாலத்துக்கு மாறியது. ராஜாஜி, கல்கி என்று பெரிய பெயர்கள் அங்கே வந்து தங்கின. இடைசெவல் கிராமத்தில் இருந்து கி.ராஜநாராயணன், கு.அழகிரிசாமி என்ற இளைஞர்களும் வந்தார்கள். ரெண்டு பேருமே பின்னாளில் சாகித்ய அகாடமி விருது வாங்கிய எழுத்தாளர்கள். வந்தவருக்கு அருவிக் குளியல், இலை போட்டுச் சாப்பாடு, அப்புறம் கம்பர். வர முடியாத நண்பர்களுக்குக் கடிதம் எழுதுவார். பக்கத்தில் உட்கார்ந்து பேசுவது போலவே இருக்கும் அந்தக் கடிதங்கள் பிற்பாடு புத்தகமாகவும் வந்தன.

தமிழில் பாடினால் என்ன?

1940-களின் தொடக்கத்தில் ஒரு பெரிய சண்டை நடந்தது. கர்நாடக சங்கீதக் கச்சேரி என்றால் தெலுங்கு, சமஸ்கிருதக் கீர்த்தனைகள்தான் பிரதானம். தமிழ்ப் பாட்டு கடைசியில் துக்கடாவாக வரும். ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் ஆதரவில் 1941-ல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழிசை மாநாடு கூடியது. 1943-ல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் பிறந்தது. எதிர்ப்பு பலமாகவே இருந்தது. மொழியைக் கொண்டுவந்தால் சங்கீதத்தின் தரம் போய்விடும் என்று வாதம் வந்தது. கல்கியோடு சேர்ந்து தமிழுக்காக வாதாடியவர்களில் டி.கே.சியும் ஒருவர். பாடுகிறவருக்கும் கேட்கிறவருக்கும் புரியாத மொழியில் உணர்ச்சி எப்படி முழுசாக வரும் என்பதே அவர் கேள்வி.

கம்பர் மேலேயே கை வைத்தாரா?

அவர் வாழ்க்கையில் பெரிய சர்ச்சை இதுதான். கம்பராமாயணத்தில் 10,000-க்கும் மேற்பட்ட பாடல்கள் இருக்கின்றன. அதில் பிற்காலத்தில் மற்றவர்கள் சேர்த்தவை ஏராளம் என்பது டி.கே.சியின் முடிவு. தன் காதுக்கு ஒட்டாத பாடல்களைத் தள்ளினார். சில இடங்களில் சொற்களையே மாற்றினார். அப்படித் தேர்ந்தெடுத்தவற்றை 'கம்பர் தரும் ராமாயணம்' என்று விளக்கத்தோடு வெளியிட்டார்.

தமிழறிஞர்கள் கொதித்துப்போனார்கள். ஏட்டுச்சுவடி ஆதாரம் இல்லாமல், ஒரு தனி மனிதரின் ரசனையை வைத்து மூலத்தைத் திருத்தலாமா என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். இன்னைக்கு ஆய்வாளர் யாரும் கம்பனின் மூலத்துக்கு டி.கே.சி பதிப்பை ஆதாரமாகக் காட்டமாட்டார். ஆனா கம்பனைப் பயமில்லாமல் படிக்கலாம் என்ற தைரியத்தைப் பலருக்குக் கொடுத்தது அதே டி.கே.சிதான். இரண்டுமே உண்மை. அவர் கதையைச் சொல்லும்போது ஒன்றை மட்டும் சொல்லிவிட்டுப் போக முடியாது.

துக்க வீட்டிலும் கவிதை

டி.கே.சியின் மகன் தீத்தாரப்பன் அப்பா கண்முன்னாலேயே இளம் வயதில் இறந்துபோனார். ஆறுதலாகக் கவிமணி ஒரு பாட்டு எழுதி அனுப்பினார். அந்தத் துக்கத்திலும் டி.கே.சி அந்தப் பாட்டை நெகிழ்ந்து ரசித்தார் என்று அவரைச் சுற்றி இருந்தவர்கள் சொல்லி வந்திருக்கிறார்கள். கேட்கும்போது சிலருக்கு இது விசித்திரமாகத் தோணலாம். ஆனா கவிதையை அவர் பொழுதுபோக்காக வைத்திருக்கவில்லை. இழப்பு வந்தபோது பிடித்துக்கொள்ள அவரிடம் அதுதான் இருந்தது.

1954 பிப்ரவரி 16-ல் குற்றாலத்தில் காலமானார். வயது 71.

அடுத்த தடவை குற்றாலம் போகும்போது சேத்தூர் தாண்டி எங்காவது டீக்கு வண்டியை நிறுத்துவீர்கள். அப்போ மொபைலில் கம்பராமாயணப் பாட்டு ஒன்றைத் தேடி எடுங்கள். அர்த்தம் அப்புறம் பார்த்துக்கலாம். முதலில் ரெண்டு தடவை சத்தமாகப் படித்துப் பாருங்கள். வட்டத்தொட்டியில் முதல் பாடமே அதுதான்.