ரட்ஜ் வண்டி வாங்கிய சர்வர்

பழைய ஆர்எக்ஸ் 100 ஒண்ணு விலைக்கு வருதுன்னு வாட்ஸ்அப்பில் படம் வந்தால் போதும், ஹாஸ்டலே கூடிடும். 1996-லேயே தயாரிப்பு நின்றுபோன வண்டி. ஆனாலும் சேலத்திலிருந்து நாமக்கல் வரைக்கும் அதுக்கு மவுசு குறையவே இல்லை. கொஞ்சம் வசதியான பசங்களுக்குப் பழைய கான்டெஸா மேல கண்ணு. வாங்கலாமா, வேண்டாமா? வாங்கினால் பராமரிக்க முடியுமா? இந்தக் கேள்வியை நூறு வருஷத்துக்கு முன்னாடியே சந்தித்த ஒருத்தர் நம்ம கொங்கு மண்ணிலேயே இருந்திருக்கார். அவர்தான் ஜி.டி.நாயுடு.

கோபால்சாமி துரைசாமி நாயுடு 1893 மார்ச் 23-ல் கோவைக்குப் பக்கத்தில் கலங்கல் கிராமத்தில் பிறந்தார். குழந்தையிலேயே அம்மாவை இழந்தவர். படிப்பு மூன்றாம் வகுப்போடு நின்றது. விவசாயக் குடும்பம், காட்டு வேலைதான் அவருக்குக் காத்திருந்தது.

அந்த ஊர்ப் பக்கம் வெள்ளைக்கார வருவாய்த்துறை அதிகாரி ஒருத்தர் ரட்ஜ் மோட்டார் சைக்கிளில் வந்தார். இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகரில் செய்த வண்டி. மாடு இழுக்காமல், ஆள் மிதிக்காமல் ஓடுகிற அதைப் பார்த்ததிலிருந்து நாயுடுவுக்கு வேற நினைப்பே இல்லை. எப்படியாவது வாங்கிடணும்.

ஆனால் கையில் காசில்லை. இஎம்ஐ கிடையாது, வீட்டில் அடம்பிடிக்கவும் வழியில்லை. கோவைக்குப் போய் ஒரு ஓட்டலில் சர்வராகச் சேர்ந்தார். கிடைத்த வேலையெல்லாம் செய்தார். 300 ரூபாய் சேர்ந்ததும், அந்த அதிகாரியிடமே போய் அந்த வண்டியையே வாங்கினார்.

நாமாக இருந்தால் முதல் வேலையாக ஊரைச் சுற்றியிருப்போம். அவர் வண்டியைப் பார்ட் பார்ட்டாகக் கழற்றிப் போட்டார். சர்வீஸ் சென்டரும் இல்லாத, யூடியூப் வீடியோவும் இல்லாத காலம். எந்தப் பாகம் என்ன வேலை செய்யுது, எது எதோடு சேருதுன்னு பார்த்துப் பார்த்து மறுபடியும் மாட்டினார். அதிலிருந்து அவர் மெக்கானிக் ஆனார்.

உடனே பணக்காரர் ஆகிவிட்டார்னு நினைக்காதீங்க. பருத்தி வியாபாரத்தில் நல்லா சம்பாதித்து, பம்பாய் போய் அதில் பெரும் பணத்தை இழந்து திரும்பினார். 1920-ல் ஒரே ஒரு பஸ்ஸோடு மறுபடி தொடங்கினார். பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவே அந்தப் பஸ்ஸை அவரே ஓட்டினார். அந்த ஒற்றைப் பஸ்தான் யு.எம்.எஸ். என்ற பெரிய கம்பெனியாக வளர்ந்தது. பஸ் தொழிலில் வண்டி ஒரு நாள் நின்றால் அன்றைய வரும்படி போச்சு. லாரித் தொழிலைப் பார்த்து வளர்ந்த நாமக்கல் பசங்களுக்கு இதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. ரட்ஜில் பழகின கை அங்கே சோறு போட்டது.

அப்புறம் அந்தக் கை சும்மா இருக்கவில்லை. 1937-ல் பீளமேட்டில், பாலசுந்தரம் நாயுடுவோடு சேர்ந்து, இந்தியாவிலேயே தயாரான முதல் மின் மோட்டாரைக் கொண்டுவந்தார். பேட்டரியில் ஓடும் ஷேவிங் ரேசர், மண்ணெண்ணெயில் ஓடும் ஃபேன், பழச்சாறு பிழியும் கருவி என்று பட்டியல் நீளும். 1945-ல் அவர் தொடங்கிய பொறியியல் கல்லூரிதான் இன்றைய கோவை ஜிசிடி. இஞ்சினியரிங் படிக்க நாலு வருஷம் எதுக்கு, ரெண்டு வருஷமே போதும் என்பது அவர் கட்சி. அரசு ஒத்துக்கொள்ளவில்லை. நம்ம கிளாஸில் ஓட்டெடுப்பு நடத்தினால் அவர்தான் ஜெயிப்பார்.

1952-ல் அவர் ரெண்டு பேர் உட்காரும் பெட்ரோல் கார் ஒன்றைக் கொண்டுவந்தார். விலை 2,000 ரூபாய்தான். ஓட்டலில் தட்டு எடுத்துக் காசு சேர்த்து வண்டி வாங்கினவருக்கு, சாதாரண ஆளுக்கும் ஒரு வண்டி வேணும்னு தெரிந்திருந்தது. அதைத் தயாரிக்க அரசு உரிமம் கொடுக்கவில்லை. கார் ரோட்டுக்கு வராமலே போச்சு. 1974 ஜனவரி 4-ல் அவர் காலமானார்.

இப்போ நம்ம ஆர்எக்ஸ் 100-க்கு வருவோம். 15 வருஷம் தாண்டின வண்டிக்கு ஆர்.சி.யைப் புதுப்பிக்கணும், அதுக்கப்புறம் அஞ்சு வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிச்சுக்கிட்டே இருக்கணும். ஒரிஜினல் ஸ்பேர் தேடி அலையணும். கார்புரேட்டர் அடைச்சுக்கிட்டால் ஒவ்வொரு தடவையும் ஷெட்டுக்குத் தள்ளிக்கிட்டுப் போனால் பாக்கெட் மணி தாங்காது. அதனால் விலை பேசப் போறதுக்கு முன்னாடி, ஒரு சனிக்கிழமை தெரிஞ்ச மெக்கானிக் ஷெட்டில் போய் உட்காருங்க. ஒரு இன்ஜினைப் பிரிச்சு மாட்டுறதைக் கூட இருந்து பாருங்க, கையில் கிரீஸ் ஒட்டட்டும். சாயங்காலமும் அங்கிருந்து கிளம்ப மனசு வரலைன்னா, தாராளமா வாங்குங்க. மதியமே போரடிச்சுதுன்னா, அடுத்தவன் வண்டியில் ஒரு ரவுண்டு போய்ட்டு வந்தாலே போதும்.

கோவை போகிறவங்க அவிநாசி ரோட்டில் அவர் பெயரில் இருக்கும் அருங்காட்சியகத்தையும், ஜி.டி. கார் மியூசியத்தையும் பார்த்துட்டு வாங்க.